செம்மரத்துச் சாமிகள்

சேஷாசலத்தின் சிவந்த கட்டையில் தெய்வம் வடித்த கைகளுக்கு இன்று மரம் கிடைப்பதே வரம்

சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகும் சாலையில் புத்தூரைத் தாண்டியதும் வடமாலபேட்டை வந்துவிடுகிறது. பெரும்பாலான பக்தர்களுக்கு அது டோல்கேட்டில் வண்டி நிற்கும் இடம் மட்டுமே. மனம் ஏற்கனவே மலைமேல் ஏறிவிட்டிருக்கும். 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது இந்தப் பக்கம் ஆந்திரத்திலேயே தங்கிவிட்டது. 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதில் சித்தூரிடமிருந்து திருப்பதி மாவட்டத்துக்குக் கை மாறியது. கடைப்பலகைகள் தெலுங்கில், பேச்சில் இரண்டு மொழியும் கலந்து ஓடுகிறது.

இந்த மண்டலத்துக்குள்தான் அப்பலாயகுண்டா இருக்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் நிர்வகிக்கும் பிரசன்ன வேங்கடேஸ்வரர் கோயில் அங்கே. நாராயணவனத்தில் பத்மாவதியை மணந்துகொண்டு திருமலைக்குத் திரும்பும் வழியில் பெருமாள் இங்கே சித்தேஸ்வரருக்கு அருள் புரிந்து தங்கினார் என்பது தலபுராணம். கோயிலின் சிறப்பு, மூலவரின் வலது கை. திருமலையில் அந்தக் கை கீழ்நோக்கித் திருவடியைக் காட்டுகிறது: வரத ஹஸ்தம். இங்கே அது மேலெழுந்து உள்ளங்கையைக் காட்டுகிறது: அபய ஹஸ்தம். கேட்டதைக் கொடுப்பதற்கும் பயப்படாதே என்று சொல்வதற்கும் நடுவே உள்ள தூரம் அதிகமில்லை.

கல்லில் இந்த இரண்டு கைகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மரத்தில் செதுக்க உட்கார்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

மரத்தின் இழை வேரிலிருந்து நுனிக்கு நெடுக ஓடுகிறது. நிற்கும் சாமியை அந்த வாக்கிலேயே எடுக்கிறார்கள். கிரீடம் நுனிப்பக்கம், பாதம் அடிப்பக்கம். கீழே தொங்கும் வரதக்கை இழையோடு போகிறது. அதனால் பலமாக இருக்கும். அபயக்கையோ முழங்கையில் மடங்கி, முன்னால் நீண்டு, பிறகு உள்ளங்கையை விரிக்கிறது. முன்னால் நீளும் அந்தப் பகுதியில் இழை குறுக்கே வெட்டுப்பட்டு நிற்கும். கொட்டாப்புளியால் ஒரு தட்டு அதிகமாகப் போனால் போதும், ‘டக்’கென்று கழன்றுவிடும். அஞ்சேல் என்று சொல்லும் கைதான் சிலையிலேயே மிகவும் அஞ்ச வேண்டிய இடம்! அங்கம் ஒடிந்த உருவம் பின்னமாகிவிட்டது, பூஜைக்கு ஆகாது. அதுவரை உழைத்த உழைப்பும் கட்டையும் வீண்.

இதற்குச் சிற்பிகள் கண்ட உபாயங்கள் பல. கையை மார்பை ஒட்டியே வைத்து, பின்னால் மரத்தை விட்டுவைப்பது ஒன்று. சிறிய சிலைகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தால் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே வெட்டி எடுக்காத மரம் தெரியும். முன்கையை மட்டும் தனித் துண்டில், இழை நீளவாக்கில் ஓடும்படி செதுக்கி, மர ஆணி அடித்துப் பொருத்துவது இன்னொன்று. ஒற்றைக் கட்டையில்தான் சாமி என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. சங்கும் சக்கரமும் ஏந்திய பின்கைகளுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அவற்றைத் தாங்கத்தான் திருவாசி இருக்கிறதே! இறைவனின் ஒளிவட்டம் என்று நாம் வியந்து பார்க்கும் திருவாசி, மரச் சிற்பியின் கணக்கில் முட்டுக்கொடுக்கும் கம்பம்கூட. உச்சியில் வாய் பிளந்து நிற்கும் சிங்கமுகத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் இறங்கும் அந்த வளைவு, சக்கரத்தையும் சங்கையும் தொட்டுக்கொண்டுதான் பீடத்துக்கு வருகிறது. தத்துவமும் தச்சு வேலையும் எங்கே பிரிகின்றன என்று சொல்வது கடினம்.

இறைவனின் திருவுருவை எந்தெந்தப் பொருளில் செய்யலாம் என்பதற்கு பாகவத புராணம் எட்டு வகை சொல்கிறது. கல், மரம், உலோகம், சுதை அல்லது சாந்து, ஓவியம், மணல், மனம், மணி. கல்லுக்கு அடுத்த இடம் மரத்துக்கு. ஆனால் வரலாற்றில் மரம் கல்லுக்கு முந்தியது. சங்கப் பாடல்களில் மன்றத்தில் நின்ற தெய்வம் ‘கந்து’ என்னும் மரத்தூண்தான். விளக்கேற்றி, மெழுகி, பூவிட்டு வணங்கினார்கள். ஊர் பாழானபோது கடவுள் விட்டுப்போன வெறும் கந்தையும் அகநானூறு காட்டுகிறது. மணிமேகலையிலோ தூணில் உறையும் கந்திற்பாவை வாய் திறந்து முன்பிறப்பும் வருங்காலமும் உரைக்கிறது. தெய்வம் மரத்தில் வந்து தங்கலாம், எழுந்தும் போகலாம் என்ற நினைப்பு அவ்வளவு பழையது.

7-ம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் குடைவரை எடுத்தபோது, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் சமைத்தேன் என்று கல்வெட்டில் பெருமையடித்துக்கொண்டான். மரம் இல்லாமல் கோயில் கட்டியது விசேஷம் என்றால், அதற்கு முன்னால் கட்டியவை எல்லாம் எதனால் ஆனவை என்பது தானே விளங்கும். அவற்றில் நின்ற மரச்சாமிகளைக் கரையானும் மழையும் தின்றுவிட்டன. கல் நின்றது, அதனால் சிற்பக் கலை என்றாலே கல் என்று நாம் பழகிவிட்டோம்.

மரச்சாமி பிழைத்திருக்கும் சில இடங்களில் அதற்கு அலாதி மரியாதை. நீர் பட்டால் மரம் வீங்கும், பிளக்கும், பூஞ்சை ஏறும். எனவே அதற்கு வழக்கமான அபிஷேகம் இல்லை, தைலக்காப்புதான். திருக்கோவிலூரில் ஒரு காலைத் தூக்கி உலகளந்து நிற்கும் பெருமாள் மரத்தால் ஆனவர் என்பது மரபு. காஞ்சிபுரத்தில் அத்தி மரத்தால் ஆன வரதர், இந்தப் பொது விதிக்கு நேர் எதிராக, அனந்தசரஸ் திருக்குளத்து நீருக்குள்ளேயே பள்ளிகொண்டிருக்கிறார். 40 ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருள்வார். 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1-ல் வெளியே வந்து, முதல் மாதம் சயனத்திலும் பின்பு நின்ற கோலத்திலுமாக 48 நாள் தரிசனம் தந்துவிட்டு ஆகஸ்டில் மீண்டும் குளத்துக்குப் போனார். காற்றும் ஈரமும் மாறி மாறிப் படும்போதுதான் மரம் சீக்கிரம் கெடும். முழுக்க நீருக்குள், காற்றுப் புகாமல் கிடக்கும் வைரம் பாய்ந்த கட்டை பல காலம் தாங்கும் என்பது படகு கட்டுகிறவர்களுக்கும் கிணறு வெட்டுகிறவர்களுக்கும் தெரிந்த சங்கதி.

பூரியில் வேறு வழி. ஜகந்நாதர், பலபத்ரர், சுபத்திரை, சுதர்சனம் ஆகிய நால்வருக்கும் வேப்பமரம். அழிவதை மறைக்காமல் அதையே சடங்காக்கிவிட்டார்கள். ஆடி மாதம் இரட்டிக்கும் ஆண்டில் புதிய மரங்களைத் தேடிக் கண்டுபிடித்து, புதிய திருமேனி செதுக்கி, பழையதற்குள் இருக்கும் ‘பிரம்ம’ப் பொருளை நள்ளிரவில் கண்ணைக் கட்டிக்கொண்டு மாற்றுகிறார்கள். பிறகு பழைய திருமேனியைக் கோயில் வளாகத்துக்குள்ளேயே புதைத்துவிடுகிறார்கள். 1977, 1996, 2015 என்று அண்மைக் காலத்தில் மூன்று முறை நடந்தது. கல் சாகாது, அதனால் பிறக்கவும் செய்யாது. மரம் இரண்டும் செய்யும்.

எந்த மரத்தையும் போய் வெட்டிவிட முடியாது. வராகமிகிரரின் பிருஹத் சம்ஹிதையில் (6-ம் நூற்றாண்டு) ‘வனப்பிரவேசம்’ என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. சுடுகாட்டு மரம், பாதையோரத்து மரம், கோயில் மரம், புற்று ஏறியது, பறவை கூடு கட்டியது, இடி விழுந்தது, யானை முறித்தது எல்லாம் விலக்கு. வருணத்துக்கு ஒரு மரம் என்று அட்டவணையும் உண்டு. (மரத்தைக்கூட விடவில்லையே என்று தோன்றாமல் இல்லை.) ஆனால் அந்த அத்தியாயத்தில் நெஞ்சைத் தொடுவது வேறு. தேர்ந்தெடுத்த மரத்தடியில் இரவு பலி வைத்து, அதில் குடியிருக்கும் பூதங்களிடம் வேறிடம் பார்த்துக்கொள்ளும்படியும் பொறுத்துக்கொள்ளும்படியும் வேண்ட வேண்டும். வெட்டுவது மறுநாள் காலையில்தான். வெட்டும் முன்பு மரம் எந்தத் திசை பார்த்து நின்றது, எது மேல், எது கீழ் என்று அடையாளம் இட வேண்டும். காட்டில் நின்ற அதே நிலையிலேயே சிலையும் கோயிலில் நிற்க வேண்டும் என்பது விதி. சாமியாக மாறிய பிறகும் மரம் தன் நிற்கும் பழக்கத்தை விடுவதில்லை!

இன்றும் நல்ல சிற்பி கட்டையைத் தலைகீழாக வைத்துச் செதுக்கமாட்டார். காரணம் கேட்டால் சாஸ்திரம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவார்கள்.

வேம்பு அம்மனுக்கு, வில்வம் சிவனுக்கு, வெள்ளெருக்கு வேர் பிள்ளையாருக்கு என்று தெய்வத்துக்கு ஒரு மரம் பொருத்தியிருக்கிறார்கள். திருப்பதிப் பக்கம் வேங்கடவனுக்குப் பொருத்திய மரம் செம்மரம்.

தெலுங்கில் எர்ர சந்தனம், வடமொழியில் ரக்த சந்தனம், தமிழில் செஞ்சந்தனம் அல்லது செம்மரம். மூன்று மொழியிலும் சந்தனம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் இதற்குச் சந்தன வாசனை கிடையாது. சந்தனத்துக்கும் இதற்கும் உறவும் இல்லை; இது வேங்கை மரத்தின் இனம். நிறம்தான் எல்லாம். வெளிறு நீக்கி வைரத்தைத் தொட்டால் ரத்தச் சிவப்பு. காலம் போகப்போகக் கருஞ்சிவப்பாகி, எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கிட்டத்தட்டக் கறுத்துவிடும். கல்கருவறையில் தைலம் ஊறிய மூலவரின் நிறத்துக்கு வெகு அருகில் வந்துவிடுகிறது. இந்த மரத்துக்கும் அந்தச் சாமிக்கும் பொருத்தம் பார்த்தவர் ரசிகராக இருந்திருக்க வேண்டும்.

இந்த மரத்தில் தமிழ் வீடுகளுக்கு முதலில் வந்து சேர்ந்தது சாமி அல்ல, மரப்பாச்சி. மரப்பாவைதான் பேச்சில் மரப்பாச்சி ஆனது என்பார்கள். மரப்பாவை திருக்குறளிலேயே இருக்கிறது. ஆனால் அது கயிற்றில் ஆடும் பாவை. திருப்பதியிலிருந்து வாங்கி வந்த மரப்பாச்சி, ஆணும் பெண்ணுமாக ஜோடி. உடம்போடு ஒட்டிய கைகள், நேர்ப்பார்வை, தட்டையான பாதம். அபயக்கை உடையும் என்ற கவலையே வேண்டாம். கல்யாணப் பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சீராகக் கொடுத்தார்கள். அவள் கொலுப்படியில் அதற்குப் பட்டு உடுத்தி முதல் இடம் கொடுத்தாள். கொலு முடிந்ததும் குழந்தை அதைக் கடித்து விளையாடியது. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் பாட்டி அதையே கல்லில் உரைத்துப் பற்றுப் போட்டாள். கும்பிட்ட பொருளையே கடிக்கவும் உரைக்கவும் முடிந்த வீடுகள் அவை.

மொழிபெயர்க்கிறவனுக்கு இந்த இடத்தில் ஒரு சங்கடம். தெலுங்கில் ‘பொம்ம’ என்றால் குழந்தையின் பொம்மை, சுவரில் மாட்டிய படம், சினிமா, விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் பிள்ளையார் எல்லாமே. தமிழில் சாமியைப் பொம்மை என்று எழுதினால் சண்டைக்கு வந்துவிடுவார்கள். கொலுவில் மட்டும் அதற்கு அனுமதி. சிற்பியின் பட்டறையில் இந்தச் சண்டை இல்லை. கண் திறக்கும்வரை அது கட்டை அல்லது பொம்மை. நாள் பார்த்து, கடைசியாகக் கண்மணியைக் கீறும்போதுதான் அது சாமி. கடைக்குப் போகும் சிலைகளுக்கு இந்தச் சடங்கெல்லாம் நடப்பதில்லை. வாங்கிய வீட்டின் பூஜையறைதான் அதை முடிவு செய்கிறது.

வடமாலபேட்டையிலிருந்து ரேணிகுண்டா வழியாக ஸ்ரீகாளஹஸ்தி சாலையைப் பிடித்தால் ஏர்ப்பேடு மண்டலம். அங்கே இருக்கும் மாதவமாலா கிராமம் மரச் சிற்பத்துக்குப் பேர் போனது. தெருவில் திண்ணைக்குத் திண்ணை உளிச் சத்தம் கேட்கும் ஊர். திருப்பதிக் கடைகளில் நாம் விலை பேசும் வேங்கடேஸ்வரர், தசாவதாரம், ஆலிலைக் கிருஷ்ணன் பலரும் இந்த ஊர்ப் பிள்ளைகள்.

வேலை கோடு போடுவதில் தொடங்குகிறது. கட்டையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு; இது பிரம்மசூத்திரம். கிரீடத்தின் உச்சி, மூக்கு நுனி, தொப்புள், இரண்டு பாதங்களுக்கு நடு எல்லாம் இதன்மேல் விழ வேண்டும். பிறகு அளவு. பெருமாள், சிவன் போன்ற பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம்: உருவத்தின் மொத்த உயரத்தை 124 பங்காக்கி, ஒரு பங்கை ஒரு அங்குலம் என்று கொள்வது. பிள்ளையாருக்கு ஐந்து தாளம். அதனால்தான் அந்தச் செல்லத் தொந்தி. இதில் அழகு என்னவென்றால், இந்த அங்குலம் கடையில் வாங்கும் ஸ்கேலில் இல்லை. அரையடிக் கட்டைக்கு அதன் அங்குலம், ஆறடிக் கட்டைக்கு அதன் அங்குலம். ஒவ்வொரு மரமும் தன் அளவுகோலைத் தானே கொண்டுவருகிறது.

வேங்கடவன் நிற்பது சமபங்கம். இடுப்பை ஒடிக்காமல், எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நிற்கிறார். கோட்டுக்குள் அடக்குவதற்குச் சுலபம், உயிர் கொடுப்பதற்குக் கஷ்டம். வேணுகோபாலனுக்கு மூன்று வளைவு உண்டு. பாதி அழகை அந்த வளைவே தந்துவிடும். நேராக நிற்கிறவரிடம் சிற்பிக்குக் கிடைக்கும் இடம் முகம் மட்டும்தான். அந்த முகத்திலும் பாதியைத் திருநாமம் மறைக்கிறது. திருமலையில் பச்சைக் கற்பூர நாமம் கண்களை மூடினாற்போல் இறங்குகிறது. பார்வையின் உக்கிரத்தைப் பக்தர் தாங்கமாட்டார் என்பதால் என்று சொல்வார்கள். மரத்தில் வெள்ளை நிறம் கிடையாது. நாமத்தை நிறத்தால் காட்ட முடியாது. மேடாக எடுத்துத்தான் காட்ட வேண்டும். அந்த மேடு கண்ணை மறைக்கட்டுமா, விலகட்டுமா என்பது சிற்பியின் முடிவு. ஓரத்தில் இமைக்கோடு லேசாகத் தெரியும்படி விடுகிறவர்கள் கெட்டிக்காரர்கள். நாமத்தின்மேல் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கடைக்காரருக்கு அதுதான் வசதி, எனக்குப் பிடிப்பதில்லை.

கோயிலுக்கு உள்ளேயும் மரத்துக்கு வேலை உண்டு. பிரம்மோற்சவத்தில் உலோகத்தால் ஆன உற்சவர் ஏறி வரும் சேஷனும் அன்னமும் சிம்மமும் கருடனும் அனுமனும் யானையும் குதிரையும் அடியில் பெரும்பாலும் மரமே. மேலே தங்கத் தகடோ வெள்ளித் தகடோ போர்த்திவிடுவதால் கீழே இருக்கும் தச்சனின் கை யாருக்கும் தெரிவதில்லை. அப்பலாயகுண்டாவிலும் ஆண்டுதோறும் திருமலை முறையை ஒட்டியே பிரம்மோற்சவம் நடக்கிறது. கருட சேவையன்று கூட்டம் பெருமாளைப் பார்க்கிறது. விரிந்த இறக்கைகளோடு கையை நீட்டி அவரைத் தாங்கும் கருடனைத் தச்சர்கள்தான் பார்ப்பார்கள், கை எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்று.

எல்லாம் சரி. கட்டைக்கு எங்கே போவது?

செம்மரம் இயற்கையாக வளர்வது உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில்தான். சேஷாசலம், வெலிகொண்டா, லங்கமலை, பாலகொண்டா குன்றுகள். திருப்பதி, கடப்பா, நெல்லூர் வட்டாரம். மழை குறைந்த, கல்லும் சரளையும் நிறைந்த மேடு. மெதுவாக வளரும். வைரம் பாயப் பல பத்தாண்டு பிடிக்கும். அந்த வைரம் தண்ணீரில் போட்டால் மூழ்கும் அளவுக்குக் கனம். ஜப்பானில் ஷாமிசென் என்னும் மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கு இதைவிட உயர்ந்த மரம் இல்லை என்கிறார்கள். சீனத்தில் அரண்மனை நாற்காலிகளுக்கு இதுவே ராஜமரம். பெய்ஜிங்கில் இதற்கென்றே 1999-ல் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். அலையலையாக இழை ஓடும் மரத்துக்கு விலை இன்னும் கூடுதல். கொலுப் பொம்மைக்கும் பூஜையறைப் பெருமாளுக்கும் போய்க்கொண்டிருந்த மரத்தின்மேல் உலகத்தின் கண் விழுந்தது இப்படித்தான்.

1995-ல் செம்மரம் அழிவுக்குள்ளாகக்கூடிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டீஸ்’ ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் சேர்ந்தது. காட்டு மரத்தை ஏற்றுமதி செய்வதற்கு இந்தியா தடை போட்டது. தடை வந்ததும் கடத்தல் பெருகியது. மலையேறி மரம் வெட்டத் தெரிந்த கூலிகளைத் தரகர்கள் தேடிப் போனார்கள். கண்டுபிடித்தது ஜவ்வாது மலையையும் அதைச் சுற்றிய தமிழக கிராமங்களையும். அங்கிருந்து ஆந்திரக் காட்டுக்கு ஆள் வரும் சாலைகளில் நாம் வந்த இந்தச் சாலையும் ஒன்று. 2013 டிசம்பரில் சேஷாசலக் காட்டில் இரண்டு வனத்துறையினரை வெட்டுக்கூலிகள் கொன்றார்கள். 2015 ஏப்ரல் 7 விடியற்காலையில், சந்திரகிரிப் பக்கம் திருமலை அடிவாரத்துக் காட்டில் இரண்டு இடங்களில், செம்மரக் கடத்தல் தடுப்பு அதிரடிப்படை சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக் கூலிகள். பலர் மலைவாழ் மக்கள். கோடாலியும் கல்லுமாகத் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். முதல்நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டார்கள் என்று உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார்கள். பத்திரிகைகளில் வந்த படங்களில் ஒவ்வொரு உடலுக்கும் பக்கத்தில் ஒரு செம்மரக் கட்டை கிடந்தது. சில கட்டைகளில் பழைய பெயின்ட் எண்கள் தெரிந்ததையும் அப்போதே கேள்வியாக எழுப்பினார்கள்.

மேலே சொன்ன வனப்பிரவேசத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. அங்கே மரத்தில் குடியிருக்கும் பூதத்திடம்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கோடாலியைத் தொடுகிறார்கள். இங்கே மரத்தை வெட்டியவனிடமோ, அவனைச் சுட்டவர்களிடமோ, அவனை அனுப்பிவைத்த தரகனிடமோ அப்படி ஒரு இரவு இல்லை. அந்தக் கட்டையில் பெரும்பகுதி எந்தச் சாமியாகவும் மாறவில்லை. கன்டெய்னரில் ஏறிக் கப்பலுக்குப் போனது. பிடிபட்டது வனத்துறைக் கிடங்கில் அடுக்கப்பட்டது.

சிற்பிக்கு இதில் வந்து விடிந்தது சந்தேகம். 2016-ல் ஆந்திர வனச் சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாயிற்று. கிடங்கு முத்திரையும் ரசீதும் இல்லாத ஒரு முழக் கட்டை திண்ணையில் கிடந்தால், அதை வைத்திருப்பவர் சிற்பியா, கடத்தல்காரரா என்று நிரூபிக்க வேண்டியவர் அவரே. கடத்தல்காரனுக்கு டன் கணக்கில் போகும் மரத்தில் சிற்பிக்குத் தேவை முழக்கணக்கு. ஏலத்தில் வெளிநாட்டு வியாபாரியோடு அவர் போட்டி போட முடியாது. கையளவு துண்டுகளைக்கூட எண்ணி எண்ணி வாங்க வேண்டிய நிலையில், கை ஒடிந்தால் போகட்டும் என்று இன்னொரு அபய ஹஸ்தத்துக்குத் துணிகிறவர்கள் குறைவு. மார்பை ஒட்டிய கைகளும் ஆழம் குறைந்த பலகைச் சிற்பங்களும் அதிகமாவதற்கு ரசனை மட்டும் காரணமல்ல. கட்டையின் விலையும் காரணம்.

எனவே உளி வேறு மரங்களுக்குப் போகிறது. வேம்பு, தேக்கு, வாகை. தமிழகத்தில் இதில் தேர்ந்த ஊர்கள் இரண்டு. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரில் பச்சைமலைப் பக்கத்து வாகை, மாவிலங்கை, அத்தி, தூங்குமூஞ்சி மரங்களில் ஒற்றைக் கட்டையாகச் சாமிகளைச் செதுக்குகிறார்கள். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த ஆண்டு கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கும் கிடைத்தது. இந்த மரங்கள் செம்மரத்தைவிட மென்மையானவை. உளி சுலபமாக இறங்கும். பெரிய உருவங்களை எடுக்கலாம். ஆனால் அந்தக் கூர்மை வராது. செம்மரத்தில் மாலையின் ஒவ்வொரு பூவுக்கும் இதழ் எடுக்கலாம். வாகையில் பூ என்று தெரிந்தால் போதும் என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். அதிலும் ஒரு அழகு உண்டு. நுணுக்கத்தைக் குறைத்தால் நிற்கும் கம்பீரம் கூடுகிறது.

கற்றுக்கொள்ளும் வழிகள் அடைந்துபோகவில்லை. திருப்பதியிலேயே தேவஸ்தானம் நடத்தும் பாரம்பரியச் சிற்பக் கலைப் பயிற்சி நிறுவனத்தில் கல், சுதை, உலோகத்தோடு மரமும் பாடம். மாமல்லபுரம் அரசுக் கல்லூரியிலும் அப்படியே. பிள்ளைகள் தாள அளவுகளை மனப்பாடம் செய்கிறார்கள். மரம் காட்டில் எந்தத் திசை பார்த்து நின்றது என்று பார்க்கும் பாடத்தைத்தான் நடத்த முடியாது. அவர்கள் கைக்கு வருவது ஏற்கனவே அறுத்த சட்டம்.

செம்மரத்துக்கும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. ஆந்திரத்திலும் தமிழகத்திலும் விவசாயிகள் சொந்த நிலத்தில் செம்மரம் நட்டிருக்கிறார்கள். 2023 நவம்பரில் சைட்டீஸ் அமைப்பு செம்மர விஷயத்தில் இந்தியாமீது வைத்திருந்த தனிக் கண்காணிப்பை விலக்கிக்கொண்டதால், தோட்டத்து மரத்தை ஏற்றுமதி செய்ய வழி பிறந்தது. காட்டு மரத்துக்கு அழிவபாயம் தீரவில்லை. தோட்டத்து மரத்தின் முதல் கிராக்கியும் வெளிநாட்டிலிருந்துதான் வரும். அதில் ஒரு பங்கை மாதவமாலாத் திண்ணைகளுக்கு நியாய விலையில் ஒதுக்கினால் என்ன என்று கேட்பது பேராசையாகாது. ஒரு நாற்காலிக்கு ஆகும் மரத்தில் பல பெருமாள்கள் பிறக்கலாம்.

திருப்பதிக் கடைத்தெருவில் இப்போது ‘செம்மரம்’ என்று நீட்டுவதில் எது அசல், எது சாயம் ஏற்றிய வெளிறு என்று பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். கையில் எடுத்தால் உருவத்துக்கு மீறிய கனம் இருக்க வேண்டும். அடிப்பீடத்தின் மூலையை ஈரக்கல்லில் உரைத்தால் சிவந்த விழுது வர வேண்டும். கடைக்காரர் உரைக்க விடமாட்டார், அது வேறு. ரசீது கேளுங்கள். ரசீதை விட்டால் வழியில் சோதனைச்சாவடியில் பதில் சொல்ல வேண்டியது சாமி அல்ல, நீங்கள். வாங்குவது வேம்போ வாகையோ என்றால் இந்தக் கவலை இல்லை. அப்போது சிலையைத் திருப்பி, முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒருமுறை பாருங்கள். அங்கே வெளிச்சம் தெரிந்தால், இழைக்குக் குறுக்கே துணிந்து வெட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அவர் சொல்லும் விலையில் பேரம் பேச வேண்டாம்.